நாலாங்கட்டைப் பாட்டும் திறக்காத மூடிகளும்

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

முதலில் முக்கியமான செய்தி. ஒக்லாந்துத் தமிழர் வரலாற்றில் இதுவரை எவரும் எடுக்கத் துணியாத ஒரு முடிவை எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு எடுத்தது. இந்த வருடக் கலைமாலையில் உங்கள் பாட்டு முடியும்வரை சாப்பாட்டுத் தட்டங்களின் மூடிகள் திறக்கப்படமாட்டா. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவர் பொருளாளர். எதிர்த்து எவரும் கை உயர்த்தவில்லை. ஆனால் தலைவர் பரமலிங்கம் அண்ணை வாக்கெடுப்புக்கு முன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். சங்கத்தின் யாப்பு விதிகளைத் திருத்திய அன்றுகூட அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"சனம் தாங்குமோ?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம்தானே, அண்ணை. ஒரு பாட்டு."

"நீர் அந்தப் பாட்டை முழுசாக் கேட்டிருக்கிறீரோ?"

நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் அத்தான், தீர்மானம் நிறைவேறியது.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளுக்கு மேலால் எட்டி இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மவுண்ட் ரோஸ்கிலில் நாங்கள் வருடாவருடம் எடுக்கிற மண்டபத்தை, தந்த நேரத்துக்குக் கூட்டித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பேச்சுப்போட்டி, நடனம், தலைவர் உரை, தலைவர் உரைக்கு நன்றியுரை எல்லாம் முடிய நேரம் ஓடிவிடும். ஆகவே ஒரு வருடம், கெட்டிக்காரர் ஒருவர் கடைசி நிகழ்ச்சியையும் முதல் அகப்பைச் சோற்றையும் ஒன்றாக வைத்தார். கடைசி நிகழ்ச்சி உங்களுடைய ‘நாலாங்கட்டை’. அன்று தொடங்கியது. உங்கள் கிற்றாரின் முதல் சுரம் விழும், அடுத்த கணம் மண்டபம் முழுக்கக் கதிரைகள் கிறீச்சிடும், சனம் வரிசையில் நிற்கும். தீ மணி அடித்தால் ஒழுங்காக வெளியே போகவேண்டும் என்று இந்த நாட்டில் எல்லோரையும் பழக்கியிருக்கிறார்கள். அதைவிட்டால் நாங்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையில் நிற்பது உங்கள் பாட்டுக்கு மட்டும்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டின் பெயரே தெரியாது. அவர்கள் இங்கிலீசில் ‘சாப்பாட்டுப் பாட்டு’ என்கிறார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது டொக்டர். எங்கேயாவது எலக்ட்ரிக் கிற்றார் கேட்டால் தனக்குப் பசிக்கிறது என்று என்னிடம் சொன்னாள். அது வருத்தமா பெருமையா என்று அவளுடைய முகத்தில் இருந்து பிரித்தறிய முடியவில்லை.

அறிவிப்பாளன் என்ற முறையில், நானும் தட்டை எடுக்கப் போகும்வரை மேடையின் ஓரத்தில் நிற்பேன். நீங்கள் கண்ணை மூடி வாசிப்பீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு மண்டபம் நிறைய முதுகுகள். எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன், இந்த மனிதருக்கு இது நோகாதா என்று. கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை நீங்கள் எனக்கு ஒரே ஒரு தரம்தான் சொன்னீர்கள், அதுவும் காருக்குள், மழைக்குள். மணிக்கால் போட்ட காற்சட்டைகளோடு நான்கு பெடியள் யாழ்ப்பாணத்தில் ‘உப்பளம்’ என்ற பெயரில் ஒரு ரொக் குழு வைத்திருந்தீர்கள். ஒலிபெருக்கியை ரேடியோ திருத்துகிற ஒருவர் பழைய பலகைப் பெட்டி ஒன்றுக்குள் பூட்டிக் கொடுத்தார். அது பாடாத நேரத்திலும் இரைந்துகொண்டிருக்குமாம். நாலாங்கட்டை மைல்கல்லடியில் ஒருத்திக்காகக் காத்துநிற்கிற ஒருவனைப் பற்றி மூன்று சரணத்தில் ஒரு பாட்டுக் கட்டினீர்கள். ‘கடைசி பஸ்ஸும் போயிற்று, நான் மட்டும் மிச்சம்’ என்று முடியும். பெரிய இலக்கியம் என்று நீங்களும் சொன்னதில்லை.

அந்தப் பாட்டை முதலில் வாசித்தது சாவகச்சேரியில் ஒரு கலியாண வரவேற்பில். பொம்பிளை மாப்பிள்ளையின் கார் வாசலுக்கு வந்ததும் நிறுத்தவேண்டும் என்பது ஒழுங்கு. மூன்று சரணமும் முடிந்தது, கார் வரவில்லை. பொம்பிளையின் தகப்பன் மேடைக்குக் கீழே வந்து, "தம்பியவை, கார் வருமட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ, சனம் கதைக்கத் தொடங்கியிடும்" என்றார். சொல் முடிந்துவிட்ட இடத்தில் நீங்கள் கிற்றாரை எடுத்தீர்கள். ரொக் பாட்டுகளின் நடுவில் ஏன் இத்தனை நீளமாகக் கிற்றார் வருகிறது என்று அறிஞர்கள் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். கலகம் என்கிறார்கள், விடுதலை என்கிறார்கள், கஞ்சா என்றும் சொல்கிறார்கள். உங்கள் பாட்டில் அது வந்ததற்குக் காரணம் அந்தக் காரின் ரயர் பஞ்சர்.

அதன்பிறகு ஊரெல்லாம் அந்த நீளத்தைத்தான் கேட்டார்கள். கார்னிவல் மேடைகளில் "அந்தக் கார் வராத பாட்டு" என்று சீட்டு எழுதி அனுப்புவார்களாம். கொழும்பில் ஒருமுறை வானொலிக்காக ஒலிப்பதிவும் செய்தார்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. பிறகு அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. உப்பளத்தில் ஒருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில். ட்ரம்ஸ் அடித்தவரைப் பற்றி நீங்கள் கதைப்பதில்லை. ஆகவே அந்தப் பாட்டு உலகத்தில் மிஞ்சியிருந்தது உங்கள் பத்து விரல்களில் மட்டும். அந்த விரல்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் செய்த வேலை, புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரிப்பது.

நியூ லின்னில் ஒரு பழைய சாமான் கடையில் கிற்றார் வாங்கிக்கொண்டு நீங்கள் வந்து இறங்கிய பின்னேரம் எனக்கு நல்ல ஞாபகம். வீட்டில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்த காலம்.

"கட்டிலுக்கு வழியில்லை, உங்களுக்குக் கிற்றார் கேக்குதோ?" என்றாள் அக்கா.

"இஞ்சரும், கட்டில் வாங்கினா நித்திரைதான் வரும்."

"வந்தா என்ன? நித்திரை கொள்ளுங்கோவன். விடிய எழும்பி வெங்காயத்துக்குப் போறேல்லையோ?"

நீங்கள் தந்திகளை முறுக்கினீர்கள். ஒரு வாரத்துக்குள் கிற்றார் முழுக்க வெங்காய மணம். அக்கா அதைத் துடைப்பதற்கென்று ஒரு துணி வைத்தாள், வேறு எதற்கும் அதைத் தொடவிடமாட்டாள்.

போன வருடக் குளிர்காலத்தில் ஒரு நாள், கறிவேப்பிலைச் சாடிக்குக் குளிர் பிடித்துவிடும் என்று அதை உள்ளே தூக்கிவைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று கதிரையில் இருந்தீர்கள். பிறகு எழும்பவில்லை. சாடி இன்னும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வெயில் வந்த பிறகும் அக்கா வெளியே வைக்கவில்லை. வளர்ந்து யன்னல் சீலையைத் தொடுகிறது.

ஆண்டுத் திவசம் முடிந்து எல்லோரும் போனபிறகு குசினியில் நான் துடைக்க, அக்கா கழுவிக்கொண்டு நின்றாள். ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தாள்.

"அவரின்ரை பாட்டை நான் ஒருக்காலும் இருந்து கேக்கேல்லை, தெரியுமோ?" என்றாள்.

"நீ எல்லா வருசமும் அங்கைதானே நிண்டனீ?"

"நிண்டனான். பருப்புச் சட்டியோடை. நான் கேட்டது அவரை இல்லை, ‘காணும் பிள்ளை, காணும்’ எண்டதைத்தான். ஒருக்கா கதிரையிலை இருந்து, கையிலை ஒண்டும் இல்லாமல், கேக்கவேணும். அவர் இருக்கேக்கை சொல்லேல்லை. இப்ப ஆர் வாசிக்கிறது?"

மேலே சொன்ன வரலாற்றுத் தீர்மானத்தின் பின்னணி இதுதான். வேறு எந்த ஆன்மிகமும் கலாசாரமும் அதில் இல்லை, அழைப்பிதழில் இரண்டும் இருப்பதாகப் போட்டிருந்தாலும்.

ஆர் வாசிக்கிறது என்பதற்கு விடை, நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கார்த்திக்கை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, சங்கத்தின் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தூக்குகிறவர். உங்கள் செத்தவீட்டில் என் பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்தப் பாட்டை நான் கத்துக்கட்டுமா? காலேஜ்ல பேண்ட் வெச்சிருந்தேன். வருஷா வருஷம், சாப்பிடக் கூப்பிடுற வரைக்கும், பாக்ஸ் பக்கத்துல நின்னு அவர் கையையே பாத்துட்டிருப்பேன்" என்றார். அப்போது தலையை ஆட்டிவைத்தேன். தீர்மானம் நிறைவேறியதும் அவரைத் தேடிப் போனேன்.

கார்த்திக் முறையாகத் தொடங்கினார். சங்கத்தின் வட்ஸ்அப்பில், பாட்டை வீடியோ எடுத்தவர்கள் எல்லோரும் அனுப்பவும் என்று கேட்டார். வந்து குவிந்தன. பார்க்கப் பார்க்க ஓர் உண்மை வெளிப்பட்டது, அத்தான். உங்கள் பாட்டு முழுதாக எந்த வீடியோவிலும் இல்லை. எடுத்தவர் எல்லோரும் வரிசையில் நின்றுதான் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் வாசிக்கிறீர்கள், மேடை கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் போகிறது, ஒரு தட்டு குறுக்கே வருகிறது, படம் நின்றுவிடுகிறது. எடுத்தவருடைய முறை வந்துவிட்டது. சிலருக்கு முதல் சரணத்தோடு, சிலருக்குக் கிற்றாரின் நடுவில். பின்னுக்கு நின்றவர்கள் கூடுதலாக எடுத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் எடுக்கவேயில்லை, அவர்களுக்கு வேறு கவலை.

"சார், ஒரு டவுட். எல்லா வீடியோலயும் ‘காணும் காணும்’னு கத்துறாங்களே, என்ன தொலைஞ்சு போச்சு?"

"ஒண்டும் தொலையேல்லை. போதும் எண்டு அர்த்தம்."

"ஓ" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பாட்டோட கடைசி மட்டும் நிஜமாவே காணோம் சார்" என்றார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவரை ஹில்ஸ்பரோவுக்கு, அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா உங்கள் கிற்றாரை எடுத்து, அந்தத் துணியால் ஒருமுறை துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார், நீங்கள் கேட்டால் இரண்டு இடத்தில் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள், அதற்கு மேல் இல்லை. வீடியோக்கள் முடிகிற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"இதுக்கு மேல தெரியல ஆன்ட்டி. அங்கிள் எப்படி முடிப்பாரு?"

"அவர் முடிக்கமாட்டார்" என்றாள் அக்கா.

கார்த்திக் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான்தான் முடிக்கிறது" என்றாள். "அவர் வாசிச்சுக்கொண்டு இருந்தாப்போலை என்னைப் பாப்பார். வரிசையிலை கடைசி ஆளுக்குப் பருப்பு விட்டதும் நான் கரண்டியைத் தூக்கிக் காட்டுவன். அவர் நிப்பாட்டுவார்."

"எல்லா வருசமுமோ?" என்றேன்.

"ஓமடா. பின்னுக்கு நிக்கிறதுகள் பாவம் எண்டு சொல்லுவார். பாட்டு நடந்தா நிக்கிறது தெரியாதாம். கடைசி ஆளின்ரை தட்டு நிறையமுன்னம் நிப்பாட்டினா அந்தாளுக்குத் தான் மட்டும் மிச்சம் எண்டு தெரிஞ்சுபோயிடும், அது வேண்டாம் எண்டு சொல்லுவார்."

இத்தனை வருடமும் மேடையோரத்தில் நின்று உங்களுக்காக மனம் வருந்தியவன் நான். ஒரு மண்டபம் முதுகு காட்ட, பாவம், கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார் என்று நினைத்தேன். நீங்களோ இமைக்கு நடுவால் பருப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. சில வருடங்களில் பாட்டு சுருக்கமாக முடியும், சில வருடங்களில் முடியவே முடியாது. உங்கள் மனநிலை என்று நினைத்திருந்தோம். பரமலிங்கம் அண்ணை ஒருமுறை அதைப் பற்றி விமர்சனமும் செய்தார், இளமையின் வேகம் குறைந்துவிட்டது என்று. உண்மையில் ஊரிலிருந்து புதிதாகச் சனம் வந்து சேர்ந்த வருடங்களில் பாட்டு நீண்டது. வேலை தேடி இளசுகள் ஒஸ்ரேலியாவுக்குப் போன வருடங்களில் குறைந்தது. கொரோனா வருடம் மண்டபம் இல்லாமல் கார் தரிப்பிடத்தில் நின்று, கார் யன்னலால் சோற்றுப் பொதி கொடுத்தோமே, அன்றுதான் எல்லாவற்றிலும் நீளம். கடைசிக் கார் திரும்பி வீதிக்கு ஏறும்வரை வாசித்தீர்கள். சாவகச்சேரியில் பொம்பிளையின் தகப்பன் சொன்ன வேலையை நீங்கள் விடவேயில்லை.

கார்த்திக் தொண்டையைச் செருமினார். "ஆன்ட்டி, ஆனா இந்த வருஷம் லைனே கிடையாதே. மூடி திறக்கக் கூடாதுன்னு கமிட்டி சொல்லிட்டாங்க. அப்ப நான் எப்ப நிறுத்துறது?"

நிர்வாகக் குழு இதை யோசிக்கவில்லை. முன்மொழிந்தவனும் யோசிக்கவில்லை.

அக்கா சொன்னாள்: "நான் முன்வரிசையிலை இருப்பன் தம்பி. கையைத் தூக்கிக் காட்டிறன்."

"எப்ப தூக்குவீங்க?"

"தூக்கேக்கை தெரியும்தானே."

போன சனிக்கிழமை கலைமாலை நடந்தது. எல்லாம் வழமைபோல. தலைவர் உரை நீண்டது, நன்றியுரை அதைவிட நீண்டது. நான் உங்கள் பாட்டை அறிவித்து, குழுவின் தீர்மானத்தையும் தமிழிலும் இங்கிலீசிலும் வாசித்தேன். சபை தலையாட்டியது. கார்த்திக் முதல் சுரத்தைத் தட்டினார். மண்டபம் முழுக்க எழும்பியது. காது கேட்டதைக் கால் கேட்கவில்லை, என்ன செய்வது? முதலில் எழும்பியவர் பரமலிங்கம் அண்ணை. முதலில் திரும்பக் கதிரையில் இருந்தவரும் அவரே. பிறகு ஒவ்வொரு வரிசையாக இருந்தார்கள்.

அத்தான், அவர்கள் கேட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறவர், உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அவர் திரும்பி, "இதுக்குச் சொல்லும் இருக்கோ?" என்று கேட்டார். பேசாமல் கேளுங்கோ என்றேன். மூன்றாவது சரணத்தில் அந்தப் பையன் மைல்கல்லில் குந்துகிற இடம் வரும்போது, பின்வரிசையில் தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்தார்கள். பாட்டு, சாப்பாட்டைப் பற்றியது இல்லை என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா முன்வரிசையில், நீலச் சேலையில். கைப்பை மடியில், கைப்பையின்மேல் கை.

கிற்றார் தொடங்கியது. கார்த்திக் வீடியோவில் படித்தது எல்லாவற்றையும் வாசித்தார். அது முடிந்ததும் அக்காவைப் பார்த்தார். அக்கா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு சுற்றுப் போனார். இப்போது வாசித்தது எந்த வீடியோவிலும் இல்லாதது, அவருடையது. மெதுவாக, தந்தியைத் தடவிக்கொண்டு, எங்கேயோ மழை தொடங்குவதுபோல. மறுபடியும் பார்த்தார். கைப்பையின்மேல் கை அப்படியே இருந்தது.

பரமலிங்கம் அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். தட்டங்களின் அடியில் சூட்டுக்கு வைத்திருந்த சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக நூர்ந்து அணைந்துகொண்டிருந்தன. என்னிடம் வந்து காதுக்குள், "போய்ச் சொல்லும் ஐசே" என்றார். நான் குனிந்துகொண்டு முன்வரிசைக்குப் போய் அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா."

"இருடா" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "கேட்டுக்கொண்டெல்லே இருக்கிறன்."

நான் நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

அத்தான், ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருடம் மூடிகள் திறந்திருக்கும், வரிசை நிற்கும், உங்கள் ஒழுங்குப்படி. பருப்புச் சட்டியோடு நான் நிற்பேன். அக்கா கதிரையில் இருப்பாள். கடைசி ஆளுக்கு விட்டபிறகுதான் கரண்டியைத் தூக்குவேன், அதற்கு ஒரு கணம் முன்னாலும் இல்லை. கார்த்திக்குக்கும் சொல்லிவிட்டேன். நான் இல்லாத காலத்துக்கு யார் என்பதையும் பார்த்து வைப்பேன்.

இந்த வருடம் எல்லோரும் ஆறின சோறு சாப்பிட்டார்கள்.

உங்கள் மச்சான்,
அக்காவின் தம்பி